கார்டின் ஓரத்தில் ஒரு பொட்டு

கார்டைத் தொடுவதற்கு முன்னால் இரும்பைத் தொட வேண்டும். ரேக்கின் விளிம்பில் பெயிண்ட் உரிந்து வெள்ளையாகத் தெரியும் இடத்தில் உள்ளங்கையை ஒரு கணம் வைக்க வேண்டும். உடம்பில் எங்கோ ஒட்டிக்கொண்டு திரியும் மின்சாரம் அந்த வழியே இறங்கிப் போய்விடும். இல்லாவிட்டால் நம் விரல் நுனியிலிருந்து, நமக்கே தெரியாமல் ஒரு பொறி தாவி, கார்டின் மேல் கால் பரப்பிக் கிடக்கும் கறுப்புப் பூச்சி மாதிரியான சிப்புகளில் ஏதாவது ஒன்றைச் சாகடித்துவிடும். ஐம்பதைத் தாண்டிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசல் கேட்டின் கம்பியில் கை வைக்கிறேன். "என்ன, கும்பிடுறீங்களா?" என்பாள் மனைவி. இல்லை என்று சொல்ல வாய் வரும். முழுசாக இல்லை என்றும் சொல்ல முடியாது.

எண்பதுகளின் நடுவில் நான் பார்த்த வேலை அது. பிரிக்பீல்ட்ஸில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி முணுமுணுக்கும் ஒரு கடைவீடு. கீழே கடை, மேலே ஸ்டோர். ஆபீஸ்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை விற்பது, பொருத்துவது, பழுதானால் போய்ப் பார்ப்பது எங்கள் தொழில். வெளியிலிருந்து வரும் லைன்கள் கொஞ்சம், உள்ளே இருக்கும் டெலிபோன்கள் நிறைய. நடுவில் நின்று யாரை யாரிடம் சேர்ப்பது என்று பார்க்கும் பெட்டி அது. பீரோ மாதிரி உயரம். கதவைத் திறந்தால் ரேக். ரேக்கில், பாசாரில் கூடைக்குள் கருவாட்டை நெருக்கி நிறுத்தியதுபோலப் பச்சைக் கார்டுகள்.

ஒரு கார்ட் கெட்டுப்போனால் அதை உருவிவிட்டு இன்னொன்றைச் செருக வேண்டும். வாயால் சொன்னால் அவ்வளவுதான். கைக்கு அப்படி இல்லை. மேலும் கீழும் உள்ள தண்டவாளத்தில் விளிம்பை வைத்துவிட்டால் சாதுவாக உள்ளே போகும். கடைசி விரற்கடையில் நின்று அடம் பிடிக்கும். அங்கே அவசரப்படக் கூடாது. இரண்டு கட்டைவிரலையும் மூலைகளில் வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், கார்டின் ஓரத்தில் சீப்புப் பல்லாக வரிசை கட்டிய தங்கப்பூச்சுப் பட்டைகள் தத்தம் இடம் கண்டுபிடித்துப் போய் உட்காரும். ஒரு சத்தம் வரும். சத்தம்கூட இல்லை, கட்டைவிரலுக்கு மட்டும் கேட்கிற ஒன்று.

மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வோம், அதிலிருந்து ஒரு சுருள் ஒயர் ரேக்குக்குப் போகும். உடம்பு மின்சாரம் இறங்கிக்கொண்டே இருப்பதற்காக. நான் வேனில் ஏறும்போது முதலாளி கடைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, காப்பு எடுத்துக்கிட்டியா? காப்புக் கட்டாம உள்ள கை விடாத." தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவனிடம் சொல்வதுபோலவே சொல்வார். வட்டிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். அதை உதறிவிட்டு ரேடியோ விற்று, பிறகு டெலிபோனுக்கு வந்தவர். கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. உள்ளே ஏதோ இருக்கிறது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கிள்ளானில் ஆற்றுக்குப் பக்கமாக ஒரு கம்பெனி எங்களிடம் புது எக்ஸ்சேஞ்ச் கேட்டிருந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, சங்கிலி, பெயிண்ட், அரிசி, வெங்காயம் வரைக்கும் ஏற்றி அனுப்பும் கம்பெனி. இடம் பார்த்து அளவு எடுக்கப் போனேன். மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அழுத்தி வாரிய தலை, நெற்றி நடுவில் வட்டமாக ஒரு பொட்டு. அவருக்குப் பார்வை இல்லை என்பது எனக்கு உடனே தெரியவில்லை. அவர் கைகள் செய்துகொண்டிருந்த வேலை அப்படி.

அவர் முன்னால் பழைய காலத்து டெலிபோன் பலகை. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பித்தளை இமை. யாராவது கூப்பிட்டால் அந்த இமை 'டிக்' என்று கீழே விழும். அக்காவின் விரல்கள் வரிசையின் மேல் காற்றுபோல ஓடி, விழுந்த இமையைத் தொட்டு, ஒயர்க் கயிற்றைச் செருகி, "குட் மார்னிங்" என்று சொல்லி முடித்திருக்கும். நமக்கு அப்போதுதான் அந்த 'டிக்' கேட்டு முடியும். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்களுக்கு டெலிபோன் வேலை சொல்லிக்கொடுக்கும் இடத்தில் படித்தவர். குடியிருந்ததும் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான். தினமும் பஸ் ஏறிக் கிள்ளான் வந்து போய்க்கொண்டிருந்தார்.

நான் டேப்பை இழுத்த சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"தம்பி, புதுசு சத்தம் போடுமா?"

"போடாதுக்கா. எல்லாம் லைட்டுதான். சிவப்பு, பச்சை."

"லைட்டா? எனக்கு எதுக்குலா லைட்டு? கம்பெனிக்குக் கரண்ட் பில்லுதான் ஏறும்."

சிரித்தார். ஒரு கை மட்டும் பித்தளை இமைகளின் மேலேயே இருந்தது, தூங்கும் பிள்ளையின் மேல் வைத்த கைபோல.

மேனேஜர் சீனர். என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய் மலாயும் ஆங்கிலமும் கலந்து மெதுவாகப் பேசினார். அக்கா நல்ல வேலைக்காரர், அது தனக்கும் தெரியும். ஆனால் துறைமுகத்திலிருந்து வரும் ஓர் அழைப்பை விட்டால் கப்பல் இவர்கள் வெங்காயம் இல்லாமல் போய்விடும். வேறு கம்பெனிக்காரன் ஏற்றி அனுப்பிவிடுவான். புதுப் பலகை வைக்கிற அன்று காலை அக்காவே உட்காரட்டும், அழைப்புகளை எடுக்க முடிந்தால் அவருக்கே அந்த நாற்காலி. முடியாவிட்டால் கண் தெரிந்த ஒருவரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கடை வாசலில் கோலின் தட்டல் கேட்டது. அக்கா. முதலாளி எழுந்து நாற்காலியை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினார். காபி வந்தது. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"முதலாளி, இந்த வேலை போச்சுன்னா திரும்பப் பிரம்புக் கூடை பின்னத்தான் போகணும். எனக்கு அது வரும், நல்லாவே வரும். ஆனா கூடை பேசாது. நாள் முழுக்க ஒருத்தரும் 'ஹலோ' சொல்ல மாட்டாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "தம்பி, சத்தம் போடுற மாதிரி ஒண்ணும் இல்லையா அந்தப் பொட்டியில?"

நான் எக்ஸ்சேஞ்ச் தயாரிக்கிற கம்பெனிக்காரன் கொடுத்த தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். பின்பக்கத்தில், யாரும் வாங்காத சாமான்களுக்கு நடுவே, ஒரு கார்ட் இருந்தது. ஓசைக் கார்ட். அதைச் செருகினால் வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு இரண்டு சின்ன ஓசை, உள்ளேயிருந்து வரும் அழைப்புக்கு ஒரே நீள ஓசை. கடையில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

"வரவழை," என்றார் முதலாளி. அவ்வளவுதான்.

வந்தது. ஒன்றே ஒன்று, வெள்ளி நிறப் பைக்குள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பூஜை முடிந்த மறுநாள் விஜயதசமி, எதைத் தொடங்கினாலும் நல்ல நாள். அன்றைக்கே கிள்ளானில் பொருத்திவிடலாம் என்று மேனேஜரிடம் போனில் சொல்லிவிட்டார்.

பூஜையன்று காலை சுபாங் ஜெயாவில் ஒரு ஆபீஸில் லைன் பழுது. நான் அங்கே மாட்டிக்கொண்டேன். திரும்பி வந்தபோது கற்பூர வாசனையும் சுண்டலும்தான் மிச்சம். மேசைமேல் வாழை இலை விரித்து, ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, பற்றவைக்கும் கோல், என் காப்பு எல்லாம் படுத்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். வேனின் கண்ணாடிக்கும் மூன்று பட்டை. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். வெள்ளிப் பை, வாய் மடித்து, சாமி படத்தின் காலடியில் இருந்தது.

"அக்கா கார்டுக்குத் தனியா வேண்டிக்கிட்டேன்," என்றார் முதலாளி, தொந்தியைத் தடவிக்கொண்டு. அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக் கூடாது என்பது அவர் கடையில் சட்டம். நான் சுண்டலைத் தொட்டேன்.

மறுநாள் காலை ஹைவேயில் போகும்போது வேன் முழுக்கச் சந்தனம் மணத்தது. பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டு, கிள்ளானில் விட்டது. எக்ஸ்சேஞ்சின் மற்றக் கார்டுகள் எல்லாவற்றையும் நான் முந்தின வாரமே செருகிச் சோதித்திருந்தேன். மிச்சம் அந்த ஒன்று. கையை இரும்பில் வைத்தேன். காப்பைக் கட்டினேன், அதிலும் காய்ந்த சந்தனம். பையிலிருந்து கார்டை உருவி, தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினேன். அடம் பிடித்தது. அழுத்தினேன். போய் உட்கார்ந்தது. கார்டின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரி.

அக்கா புது நாற்காலியில் உட்கார்ந்தார். புதுச் சேலை என்று நினைக்கிறேன், மடிப்பு இன்னும் கலையவில்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் புதுப் பலகையின் மேல் வைத்தார். எல்லாம் தட்டையான பொத்தான்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இல்லை. அவர் விரல்கள் ஒரு முறை ஓடி, திரும்பி, ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு ஓர் இடத்தில் நின்றன.

மேனேஜர் கதவோரம் கை கட்டி நின்றார். "ஓகே, போலே மூலா?"

"ஆரம்பிக்கலாம் பாஸ்," என்றேன். பழைய பலகையிலிருந்து லைன்களைப் பிடுங்கிப் புதியதில் மாட்டினேன்.

காத்திருந்தோம்.

வெளி லைன் விளக்கு மினுங்க ஆரம்பித்தது. சிவப்பு. மினுங்கியது, அணைந்தது, மினுங்கியது. ஓசை இல்லை. மேனேஜர் அதைப் பார்த்தார், நான் பார்த்தேன். அக்கா முகத்தைச் சற்றே சாய்த்து, இன்னும் வராத ஒன்றுக்காகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். விளக்கு ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மினுங்கியது.

"என்ன தம்பி, இன்னும் யாரும் கூப்பிடலையா?"

அந்தக் கேள்வி அறையில் நின்ற விதம் எனக்கு இன்றும் ஞாபகம். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு நிமிஷங்கா," என்றேன்.

கேபினெட் கதவைத் திறந்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கார்டுக்கு உயிர் இருக்கிறது, குரல் இல்லை. மூலைகளில் உள்ள சின்ன நெம்புகோல்களை மடக்கி உருவினேன். முன்பக்கம் சுத்தம். வெளிச்சத்தில் திருப்பினேன். பூச்சிகள் இல்லாத பின்பக்கத்தில், தங்கப் பட்டைகளின் மேலேயே, காய்ந்துபோன சந்தன வட்டம். நடுவில் குங்குமம். ஒரு கட்டைவிரலின் கோடுகள்கூட அதில் தெளிவாகத் தெரிந்தன. யாருடைய கட்டைவிரல் என்று கேட்கவே வேண்டாம்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இது என்ன?"

"சாமி கும்பிட்டது பாஸ். நேத்து எங்க பூஜை."

"மெஷினுக்குமா?"

"கருவிக்கெல்லாம் செய்வோம்."

மேனேஜர் கீழே ஸ்டோர் வாசலில் தரையோடு ஒரு சிவப்பு மாடம் வைத்திருந்தார், காலையில் ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் மேலே வருவார். கொஞ்சம் யோசித்தார். "நாங்க வெளிய வெச்சுக் கொளுத்துவோம்லா. உள்ள விட மாட்டோம்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "இப்போ துடைச்சா உங்க சாமி கோவிச்சுக்குமா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா கேட்டார், "என்ன துடைக்கிறீங்க?"

"முதலாளி பொட்டு வெச்சிருக்காருக்கா."

"எங்க?"

"கார்டு ஓரத்துல. கரண்ட் பாயிற இடத்துல."

அக்கா தன் நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "அவருக்குக் கண்ணு தெரியும்தானே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. "நான் கண்ணாடி இல்லாம தினம் நடு நெத்தியில வெக்கிறேன். ஒரு நாளாவது மூக்குல வெச்சிருக்கேனா?"

"வேன் முழுக்கச் சந்தன வாசனைக்கா, எனக்கு வித்தியாசம் தெரியல. உங்களுக்காச்சும் வாசம் அடிச்சிருக்குமே."

"எனக்கு மூணு நாளா சளி. கண்ணு தெரியாதவங்களுக்கெல்லாம் மூக்கு பெருசுன்னு யாருலா சொன்னது?" என்றார். சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கிய இடத்தில், மெதுவாக, "சரியாயிடுமா தம்பி?"

பக்கத்து அறையில் கணக்கு எழுதும் கிராணியிடம் பென்சில் அழிக்கும் ரப்பர் வாங்கிவந்தேன். தங்கப் பட்டைகளை ரப்பரால்தான் துடைக்க வேண்டும். உப்புத்தாள் பட்டால் பூச்சே போய்விடும். பட்டையின் நீளவாக்கில், ஒரே திசையில், மென்மையாக. சந்தனம் மாவாக உதிர்ந்தது. குங்குமம் போக மாட்டேன் என்றது. கார்டை அழிக்கிறேனா, ஒரு நல்ல மனிதனின் வேண்டுதலை அழிக்கிறேனா என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. கை நிற்கவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றினேன். செருகும் இடத்துக்குள்ளும் தூள் போயிருக்கும். ஒரு விசிட்டிங் கார்டை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டு விட்டு எடுத்தேன், வெள்ளை அட்டை மஞ்சளாக வந்தது. பிறகு வெள்ளையாகவே வந்தது. வெளியே மழைத் தண்ணீர் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் போகவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

இரும்பைத் தொட்டேன். கார்டை வைத்தேன். அழுத்தினேன்.

கட்டைவிரல்களுக்குக் கேட்டது.

விளக்கு மினுங்குவதற்கும் அது வருவதற்கும் இடைவெளியே இல்லை. இரண்டு சின்ன ஓசை. நிறுத்தம். இரண்டு சின்ன ஓசை. குருவி கொத்துவதுபோல.

"வெளியிலேருந்து," என்றார் அக்கா. விரல் ஓரத்திலிருந்து எண்ணிப் போய் அழுத்தியது. "குட் மார்னிங்..." கம்பெனி பெயரைச் சொன்னார். எதிர்முனை பேசியதும் அவர் புருவங்கள் ஏறின.

"முதலாளியா?... ஆங். ஆங்." எங்கள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரமா அடிக்கிறேன், ஏன் யாருமே எடுக்கலைன்னு கேக்குறாரு." மறுபடி வாய்க்கருகே இருந்த மைக்கில் பேசினார். "உங்க பொட்டைத்தான் முதலாளி இவ்வளவு நேரமா அழிச்சிக்கிட்டிருந்தாங்க... இல்ல, கோவம் இல்ல... பைக்கு மேல வெச்சிருக்கலாம்ல?"

முதலாளி அக்காவுக்குச் சொன்ன பதிலை அன்று சாயங்காலம் என்னிடமும் சொன்னார், அதே நியாயத்தோடு: "பைக்கு மேல வெச்சா அது பைக்குத்தானே போய்ச் சேரும்? கார்டுக்கு வேண்டிக்கிட்டுப் பைக்கு வெக்கலாமா? அதுவும் தங்கம் இருக்கிற இடம், லட்சுமி இருக்கிற இடம்னு பாத்து வெச்சேன் தம்பி."

அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. ஒன்றைக் கணக்குப் பிரிவுக்குப் பதில் ஸ்டோருக்குக் கொடுத்துவிட்டார். பொத்தான்கள் தட்டை, எண்ணிப் போகும்போது ஒன்று தவறியது. அக்கா உதட்டைக் கடித்தார். நான் பையிலிருந்த பசையை எடுத்து, ஒரு தீக்குச்சி நுனியால், வெளி லைன் பொத்தானின் நடுவில் ஒரு சொட்டு வைத்தேன். "காயட்டுங்கா, தொடாதீங்க." காய்ந்ததும் அவர் விரல் அதைக் கண்டுபிடித்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அங்கிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் வழி தெரிந்துகொண்டு கிளம்பியது.

மேனேஜர் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். அது சம்மதமா, மறுப்பா என்று எனக்குப் புரியவில்லை. அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவரும் அந்தச் செருப்புச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு சாத்திக்கொண்டது. அப்போது ஒரே நீள ஓசை.

"உள்ளேருந்து," என்றார். அழுத்தினார். அறைக்கதவு மெலிது, மேனேஜரின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்தும் அக்காவின் ஹெட்செட்டிலிருந்தும் கேட்டது.

"அக்கா, போர்ட் ஆபீஸ் பிடிச்சுக் குடு. சீக்கிரம்லா, கப்பல் காத்திருக்கு."

நேற்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அக்கா எண்களை அழுத்தினார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வேலை நேரம். அவருடைய இடது கை மட்டும், மேசைக்கடியில், சேலை மடிப்பை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தது.

பழைய பலகையைக் கழற்றி வேனில் ஏற்றும்போது ஒரு பித்தளை இமை தானாகவே 'டிக்' என்று விழுந்தது. உள்ளே அக்கா "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டிருந்தார், இந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் கடையிலேயே இருந்தேன். கம்பெனிக்கு அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அக்காவும் வந்திருந்தார், சுண்டலுக்கு என்று சொல்லிக்கொண்டு. வாழை இலைமேல் புதுக் கார்டுகள் வெள்ளிப் பைகளில் அடுக்கியிருந்தன. முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கட்டைவிரலில் தொட்டு எடுத்தவர், பையின் வாயைப் பிரிக்கப் போய், நின்றுவிட்டார். இவ்வளவு பெரிய மனிதர் ஒரு பைக்கு முன்னால் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

"எங்க வெக்கலாம்?" என்றார் பொதுவாக, காற்றைப் பார்த்து.

அக்கா கை நீட்டி அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். இன்னொரு கையால் பையின் மேல் தடவி, நடு இடம் பார்த்து, அவர் கட்டைவிரலை அங்கே கொண்டுபோய் அழுத்தினார்.

"இங்க," என்றார். "பைக்கே போய்ச் சேரட்டும்."